புறநானூறும் எங்க வீட்டுக் கோழியும்

எங்க பக்கம் போர்னு சொன்னா முதல்ல வைக்கோல் போர்தான் ஞாபகத்துக்கு வரும். அடுத்தது ஆழ்துளைக் கிணறு. அதையும் போர்னுதான் சொல்லுவோம். "போர் போட்டியாமே, எத்தனை அடி?"ன்னுதான் டீக்கடையில விசாரிப்பாங்க. என் கொல்லையில 480 அடி போட்டு ஒன்றரை இஞ்சு தண்ணி. நீங்க நினைக்கிற போர் எங்களுக்கு மூணாவதுதான். வைக்கோலையும் இப்ப மிஷின் வச்சு உருளையாச் சுத்தி லாரியில ஏத்திடுறாங்க. அந்தப் போர் இன்னும் பத்து வருஷத்துல அகராதிக்குப் போயிரும். அது வேற வருத்தம், இன்னொரு நாள் பேசலாம்.

சென்னையில இருந்து ஒரு நண்பர் பொங்கலுக்குக் குடும்பத்தோட வந்திருந்தார். நல்ல மனுஷன். திண்ணையில கிடந்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துட்டு, "என்னண்ணே, இவ்வளவு அமைதியான இடத்துல உக்காந்துக்கிட்டு ஒரே சண்டைப் புத்தகமாப் படிக்கிறீங்க? கம்மாய், ஆடு, மழை, பூ... உங்ககிட்ட நாங்க எதிர்பார்க்கிறது அதைத்தான்"னார். இதையே இன்னும் சிலரும் சொல்லியிருக்காங்க. போர் இலக்கியம் ஒரு அலமாரி, வீடு, மண்ணு, மரம் எல்லாம் இன்னொரு அலமாரி. முதல் அலமாரி ரத்தம் சூடாக, ரெண்டாவது அலமாரி களைப்பு ஆற. பட்டணத்துல பல பேர் இப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கீங்க. இந்தப் பிரிவினை தப்புன்னு நான் சொல்றேன். சும்மா ரசனைக் கோளாறுன்னு விட்டுடலாம்னா, விட முடியலை. ஆளைக் கொல்ற தப்பு அது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல தமிழ்ல போருக்கு வச்ச பேரைப் பாருங்க. மாடு பிடிக்கப் போனா வெட்சி. போன மாட்டை மீட்கப் போனா கரந்தை. கோட்டையைச் சுத்தி வளைச்சா உழிஞை. உள்ளே இருந்து காத்தா நொச்சி. நேருக்கு நேர் நின்னா தும்பை. ஜெயிச்சா வாகை. பள்ளிக்கூடத்துல இதை ஒப்பிச்சு மார்க் வாங்கியிருப்பீங்க. செடியைப் பார்த்திருக்கீங்களா? கரந்தை எங்க வயல்ல அறுவடை முடிஞ்சதும் ஈரம் காயுறதுக்குள்ள தரையோட தரையா முளைக்கும், உருண்டை உருண்டையா ஊதாப் பூ. கொட்டைக்கரந்தைன்னு சொல்லுவோம். தும்பை வரப்புல கிடக்கு. நொச்சி வேலியில நிக்கிது, நெல்லைச் சேமிக்கிறப்ப பூச்சி வராம இருக்க அதோட இலையைத்தான் போடுவோம். வேலி காக்கிற செடியோட பேரை, ஊர் காக்கிற சண்டைக்கு வச்சிருக்கான் பாருங்க, அவன் வேலி கட்டத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும். உழிஞைன்னா முடக்கத்தான்னு சொல்றாங்க. நீங்க ஆர்கானிக் கடையில மாவு வாங்கி தோசை ஊத்துறீங்களே, அதேதான். கோட்டை முற்றுகையைத்தான் தினமும் காலையில சட்டினி தொட்டுச் சாப்பிடுறீங்க.

நம்ம ஆளுங்க போரை எழுதுனப்ப வீட்டையும் காட்டையும் விட்டுட்டு எழுதலைன்னு சொல்ல வர்றேன். பிரிச்சது நாம. அதுவும் ரொம்பக் கிட்டத்துல.

இதுக்கு ஒக்கூர் மாசாத்தியாரைவிட நல்ல சாட்சி வேணாம். ஒக்கூர் நமக்கு அடுத்த சிவகங்கைச் சீமைதான். அந்த அம்மா பாடுன ஒரு புறப்பாட்டு எல்லாருக்கும் தெரியும். எண் 279. முன்னாடி நடந்த சண்டையில அண்ணன் யானையைக் கொன்னுட்டுச் செத்தான் (அப்பன்னு சொல்றவங்களும் உண்டு). நேத்து நடந்ததுல புருஷன் மாட்டு மந்தையை மறிச்சு நின்னு செத்தான். இன்னைக்கும் பறை சத்தம் கேட்குது. இருக்கிறது ஒரே மகன். அவனைக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளை வேட்டி உடுத்தி, கையில வேலைக் கொடுத்துப் போடான்னு அனுப்புறா. மேடையில இதைச் சொன்னாக் கைதட்டு நிக்காது. வீரத்தாய், மறத்தமிழச்சி, அப்புறம் ஒரு விசில்.

அதே அம்மா குறுந்தொகையில எழுதுனதுல 139-வது பாட்டை எத்தனை பேர் படிச்சிருக்கீங்க? அதுல ஒரு வீட்டுக் கோழி வருது. குட்டைக் கால் பெட்டைக் கோழி. சாயங்கால நேரம், வேலி ஓரத்துல காட்டுப்பூனை வந்துருச்சு. எங்க போய் ஒளியிறதுன்னு தெரியாமக் குஞ்சுகளை ஒண்ணு சேர்க்கக் கத்துது. அந்தப் பாட்டுல சொல்ல வந்த விஷயம் வேற, ஒரு புருஷன் ஊர் சுத்திட்டு வர்றதைப் பத்தின வம்பு. ஆனா அந்தக் கோழியை எழுதுன கண்ணு இருக்கே, அது புஸ்தகத்தைப் பார்த்து எழுதுன கண்ணு இல்லை. எங்க வீட்டுல பஞ்சாரத்தைக் கவுக்கிறதுக்கு முன்னாடி தினமும் நடக்குற கூத்து அது. ஆறரை மணிக்கு வந்தா நீங்களே பார்க்கலாம். தாய்க்கோழி கத்துற கத்துல ஒரு கோபமும் இருக்கும், ஒரு பதட்டமும் இருக்கும். ஒரு குஞ்சு குறைஞ்சாக் கூட அடங்காது.

காட்டுப்பூனை வந்தாக் குஞ்சைக் கூப்பிட்டு இறக்கைக்குள்ள வைக்கிற கோழியைப் பார்த்த பொம்பளை, ஒத்தை மகனை வேலைக் கொடுத்து அனுப்புற தாயைப் பார்த்துக் கைதட்டியிருப்பாளா?

பாட்டைத் திரும்பப் படிங்க. தொடங்குறப்பவே அந்தத் தாயோட மனசைத் திட்டிக்கிட்டுத்தான் தொடங்குது. அது பழிக்கிற மாதிரிப் புகழ்றதுன்னு உரைகாரங்க சொல்றாங்க. அவங்க படிச்சவங்க, நான் எஸ்.எஸ்.எல்.சி. ஆனா நான் புலியூர்க் கேசிகன் உரையை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லாத்தான் படிக்கிறேன். பறை கேட்டதும் அவ மயங்கினாள்னு ஒரு சொல் இருக்கு. மயக்கம்னா என்ன? நிதானம் தவறிப் போச்சுன்னுதானே? பையன் தலைமுடி எண்ணெய் காணாமப் பரட்டையாக் கிடக்குதுன்னு ஒரு சொல் இருக்கு. காலையில எந்திரிச்சுத் தலை சீவாம விளையாடப் போற வயசுப் பையன். அண்ணனைப் பறிகொடுத்து, நேத்துப் புருஷனையும் பறிகொடுத்த ஒருத்தி, இன்னும் எழவுச் சோறு ஆறலை, மூணாவது ஆளையும் அனுப்புறா. இதைப் பார்த்துட்டு வந்து ஒருத்தி பாடியிருக்கா. அது எனக்கு ஒப்பாரியாத்தான் கேட்குது. உங்களுக்கு அது பிஜிஎம் போட்டு ஓட்டுற ரீல்ஸ்.

சும்மா சொல்லலை. 2025 மே மாசம், பாகிஸ்தானோட சண்டை மூண்ட அந்த நாலு நாள் ஞாபகம் இருக்கா? என் அக்கா மகன் பட்டாளத்துல இருக்கான். எங்க மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர்னு சொல்ற அளவுக்கு இல்லைன்னாலும், ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க. நிலம் பத்தலை, மழை பத்தலை, பட்டாளத்துக்குப் போறாங்க. வீரத்துக்காகப் போனான்னு யாராவது சொன்னா என் அக்கா சிரிக்கும். அந்த நாலு நாளும் அக்கா போனைச் சார்ஜ்ல சொருகினபடியே திண்ணையில உக்காந்திருந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டும், திரும்ப வந்து உக்காரும். இட்டிலிக்கு ஊறப்போட்ட அரிசி ரெண்டு நாள் ஊறிப் புளிச்சு நாறுனதுக்கு அப்புறம்தான் கவனிச்சுச்சு. டிவியை மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அதே நாலு நாள்ல எனக்கு வாட்ஸ்அப்புல மூணு பேர் 279-ஐ அனுப்பினாங்க, பின்னாடி கொடியும் சிங்கமும் போட்டு. அதுல ஒருத்தர் யாருன்னா, பொங்கலுக்கு வந்து, 'கம்மாய், ஆடு, பூன்னு எழுதுங்கண்ணே'ன்னு சொன்ன அதே நண்பர்.

ரெண்டு அலமாரியும் ஒரே வீட்டுல இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெளிவாச்சு. வீரம் வேணும்னா ஒரு பக்கம் திறக்கிறது, அமைதி வேணும்னா இன்னொரு பக்கம் திறக்கிறது. ரெண்டுக்கும் விலை கொடுக்கிறது வேற யாரோ. அந்த நண்பர் இதையும் படிப்பார், படிக்கட்டும். அடுத்த பொங்கலுக்கும் வாங்க, கோபம் இல்லை.

புலவர்கள் எல்லாரையும் நான் தலையில தூக்கி வச்சு ஆடுறேன்னு நினைக்காதீங்க. களவழின்னு ஒரு துறை இருக்கு. நெல்லடிக்கிற களமும் களம்தான், ஆளடிக்கிற களமும் களம்தான். இந்த ஒரு சொல்லை வச்சுக்கிட்டு அவங்க பண்ணின வேலை இருக்கே! புறநானூற்றோட கடைசிப் பகுதியில பாருங்க: பிணத்தைக் கதிர்க்கட்டு மாதிரிக் குவிச்சு, யானையை மாடாப் பூட்டி, வாளை மாட்டை ஓட்டுற குச்சியா வீசிப் போரடிச்சானாம் ராஜா. களவழி நாற்பதுன்னு இதுக்குன்னே ஒரு நூலும் இருக்கு. கற்பனை ஜோர்னு தமிழாசிரியர்கள் சொல்லுவாங்க. களத்துல நின்னு நெல்லடிச்சவன்கிட்ட கேளுங்க.

எங்க களத்துமேட்டுல கதிரை உதறி அடிக்கிறது, நெல்லு தனியா வைக்கோல் தனியாப் பிரியறதுக்கு. பிரிஞ்ச நெல்லுல ஒரு பங்கு விதைக்குப் போகும். அறுத்தவங்களுக்குக் கூலி நெல், துணி வெளுத்தவருக்கு ஒரு மரக்கால், முடி வெட்டுனவருக்கு ஒரு மரக்கால், கோயிலுக்கு ஒரு படி, கீழ சிந்துனது கோழிக்கும் எறும்புக்கும். அந்தக் காலத்துல ஏத்த இறக்கம் இல்லாம இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், அந்த மரக்காலை அளந்த கை எப்படி அளந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் களம்னா அங்க இருந்து ஏதோ ஒண்ணு எல்லார் வீட்டுக்கும் போகும். அடுத்த வருஷ விதை அங்கதான் இருக்கு. ஆளடிச்ச களத்துல இருந்து யார் வீட்டுக்கு என்ன போச்சு? ராஜாவுக்குப் பேரு, புலவருக்கு யானை. எங்க தொழிலை எடுத்து அவங்க தொழிலுக்கு வேஷம் கட்டுனதை நான் ஒத்துக்க மாட்டேன். அதையும் இலக்கியம்னுதான் படிக்கிறேன், ஆனா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிக்கிறேன்.

அதே நானூறுல குடவாயிற் கீரத்தனார்னு ஒருத்தர் இருக்கார். அவர் பாட்டு, எண் 242, எங்க மாவட்டத்துப் பாட்டு. ஒல்லையூர்க் கிழான் மகன் பெருஞ்சாத்தன் செத்துப் போயிட்டான். ஒல்லையூர்ங்கிறது பொன்னமராவதிப் பக்கம் இருக்கிற ஒலியமங்கலம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. சாத்தன் பெரிய வேல்வீரன். ஆனா அவன் எத்தனை பேரைக் குத்தினான், எத்தனை யானையைச் சாய்ச்சான்னு புலவர் கணக்குச் சொல்லலை. அங்க பூத்திருக்கிற முல்லையைப் பார்த்து, நீ எதுக்குப் பூத்தேன்னு கேட்கிறார். எளவட்டம் சூடப் போறதில்லை, பொண்ணுங்க பறிக்கப் போறதில்லை, பாணனும் தொடமாட்டான், அவன் பொண்டாட்டியும் வைக்கமாட்டா, யாருக்காகப் பூத்தேன்னு கேள்வி. அவ்வளவுதான் பாட்டு.

எனக்கு முக்கால் ஏக்கர் முல்லை இருக்கு. விடியக்காலையில தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டாப் பறிச்சு, விடிஞ்சதும் கீரமங்கலம் கமிஷன் கடைக்குக் கொண்டு போயிரணும், வெயில் ஏறிட்டா வெலை போச்சு. 2020 மார்ச்சுல ஊரடங்குன்னு சொன்னாங்களே, பூக்கடை, கோயில், கல்யாணம், பஸ் எல்லாம் நின்னுச்சு. செடிக்கு ஊரடங்கு தெரியுமா? அது பாட்டுக்குப் பூத்துச்சு. முதல் ரெண்டு நாள் பறிச்சு வாசல்ல கொட்டினோம். அப்புறம் பறிக்கவே போகலை. சாயங்காலம் கொல்லைப் பக்கம் போனா, மொட்டு எல்லாம் செடியிலேயே விரிஞ்சு வெள்ளை வெளேர்னு கிடக்கும், மணம் தலையைச் சுத்தும். வேண்டாத மணம் எப்படி இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. கீரத்தனார் இதைத்தான் சொல்லியிருக்கார். ஒரு ஆள் சாகுறதால ஊருல என்ன நின்னு போகுதுன்னு சொல்றதுக்கு அவருக்கு ஒரு பூ போதும். இதை 'இயற்கை வருணனை'ன்னு ஒரு அலமாரியிலயும், 'கையறுநிலை'ன்னு இன்னொரு அலமாரியிலயும் வைப்பீங்களா?

பழங்கதை போதும்னு சொல்றவங்களுக்குக் கிட்டத்துக் கதை. எங்க மாவட்டத்துல தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணாவிளக்குன்னு மூணு இடத்துல இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 2021-ல இருந்து மறுவாழ்வு முகாம்னு பேரு மாத்தியிருக்காங்க. அங்க இருந்து ஒரு பெரியவர் எங்க வீட்டுக்கு வெள்ளை அடிக்க வந்தார். மன்னார்ப் பக்கம், 1990-ல வந்தவர். சண்டையைப் பத்தி அவரே ஏதாவது சொல்லுவார்னு நான் காத்திருந்தேன். மூணு நாள் வேலை செஞ்சார், ஒரு வார்த்தை இல்லை. மூணாவது நாள் சாப்பிட்டுட்டு எங்க கம்மாய்க் கரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். "எங்களுக்குக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழ வயல் தம்பி. குளம் நிரம்பினா ரெண்டு போகம். கிணத்தடியில ஒரு மாமரம் நிண்டது"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "கிணறு தூந்திருக்கும்"னார். அப்புறம் பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு ஏணியில ஏறிட்டார்.

ஈழப் போரைப் பத்தி வந்த புத்தகங்களை நான் கைக்குக் கிடைச்ச வரைக்கும் படிக்கிறேன். மலரவன் எழுதுன 'போர் உலா'வை ரெண்டு தரம் படிச்சேன். 1990-ல மாங்குளம் முகாம் மேல நடந்த தாக்குதலுக்குப் போன பையன் அவர், 1992-ல இறந்துட்டார். சண்டைக்குப் போற வழியில காட்டையும் வயலையும் ஊர்ச்சனம் கொடுத்த சாப்பாட்டையும் எழுதிக்கிட்டே போறார். என் கண்ணு அதுலதான் நிக்கிது. அங்க பதுங்குகுழி மேல போடுறதுக்கு எத்தனை பனையைத் தறிச்சாங்கன்னு நினைச்சுப் பாருங்க. ஒரு பனை காய்க்கிறதுக்கு பதினஞ்சு இருபது வருஷம் ஆகும். துப்பாக்கி ஓஞ்சது 2009-ல. முல்லைத்தீவு கேப்பாப்புலவுப் பொம்பளைங்க 2017-லயும் ராணுவ முகாம் வாசல்ல ராப்பகலா உக்காந்து, எங்க காணியைக் கொடுன்னு கேட்டாங்க. போர் எப்ப முடிஞ்சதுன்னு பட்டணத்து மேடையில கேட்டா ஒரு தேதி சொல்லுவாங்க, அந்தப் பொம்பளைங்ககிட்ட கேட்டா வேற தேதி சொல்லுவாங்க. மே மாசம் ஆனா மைக் பிடிக்கிறவங்க அந்தக் கிணத்தையும் மாமரத்தையும் பத்தி ஒரு நிமிஷம் பேசினா நல்லா இருக்கும். கைதட்டு வராது, அதனால பேச மாட்டாங்க.

அது கடல் தாண்டி நடந்ததுன்னு சொல்றீங்களா? எங்க நார்த்தாமலைக்குப் பக்கத்துல பசுமலைப்பட்டியில துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளம். 2021 டிசம்பர் கடைசியில அங்க பயிற்சி நடந்த அன்னைக்கு, தாத்தா வீட்டுல சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்த 11 வயசுப் பையன் தலையில குண்டு பாஞ்சது. புது வருஷம் பொறந்து ரெண்டு மூணு நாள்ல போயிட்டான். போர் இல்லை, எதிரி இல்லை, தட்டுல சோறு. அதை எந்தத் திணையில சேர்ப்பீங்க? அந்தப் பக்கம் சோழன் கோயில் பார்க்கக் காரில் வர்றவங்க, ராஜாவோட பேரை வச்சுப் படம் எடுத்துப் போடுறாங்க. பையனைப் பத்தி எழுதுனவங்க கம்மி.

இன்னொண்ணு, பேச்சு வாக்குல சொல்லிடுறேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா அடிச்சு எங்க தென்னை எல்லாம் சாஞ்சப்ப, 'போர்க்கால அடிப்படையில்' வேலை நடக்குதுன்னு தினமும் ரேடியோவில சொன்னாங்க. எங்க தெருவுக்குக் கரண்டு வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. போர்க்காலம்னாலே காத்திருக்கிறதுதான் போலன்னு எங்க ஊர்ல சொல்லிச் சிரிச்சோம்.

ப.சிங்காரத்தைச் சொல்லாம விட்டாப் பாவம். சிங்கம்புணரிக்காரர், எங்களுக்கு ஒண்ணேகால் மணி நேரப் பஸ்ஸு. அவரோட 'புயலிலே ஒரு தோணி' 1972-ல வந்தது. ரெண்டாம் உலகப் போர் நடக்கிற நேரம், பாண்டியன்னு ஒருத்தன் மெடான், பினாங்குன்னு துப்பாக்கியோட அலையிறான். மனசு மட்டும் மதுரைத் தெருவுலயும் சின்னமங்கலம் சந்தையிலயும் கிடக்கு. அதை சாகச நாவல்னு சொல்றவங்க சொல்லட்டும். கொண்டு விக்கப் போற ஊரு இல்லாதவனுக்கு சந்தைக் கணக்கு மட்டும் மறக்காம இருக்கிறதை நான் அதுல படிச்சேன். எங்க ராயவரம், ராங்கியம் பக்கம் பர்மா தேக்குத் தூண் வச்ச வீடுங்க பூட்டியே கிடக்குது. 1941 கடைசியில ரங்கூன்ல குண்டு விழுந்தப்ப இந்தத் தூணுங்களுக்கு நிழல்ல உக்காந்து எத்தனை பொம்பளைங்க தந்திக்காரனைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க. அதுவும் போர் இலக்கியம்தான், யாரும் எழுதலை.

டால்ஸ்டாயோட பெரிய நாவலை டி.எஸ்.சொக்கலிங்கம் தமிழ்ல கொண்டு வந்தப்ப 'போரும் வாழ்வும்'னு பேரு வச்சார். அமைதின்னு வைக்கலை. ஏன் அப்படி வச்சார்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. போருக்கு எதிர்ப்பக்கம் சும்மா உக்காந்திருக்கிறது இல்லை, வெள்ளாமை வச்சு, பிள்ளை பெத்து, எழவுக்கும் கல்யாணத்துக்கும் மொய் எழுதி ஓடிக்கிட்டே இருக்கிறது. அமைதியைத் தேடிக் கிராமத்துக்கு வர்றவங்க ஒரு நாள் விடியக்காலையில என்கூட முல்லை பறிக்க வந்தா இது புரியும், இடுப்பு ஒடிஞ்சிரும்.

அதனால இனிமேல் என்னைக் கம்மாய் எழுதச் சொல்றவங்க கம்மாய்க்காக நடந்த வெட்டுக்குத்தையும் சேர்த்துத்தான் படிக்கணும். 279-ஐ அனுப்புறவங்க கூடவே 139-ஐயும் அனுப்புங்க. ரெண்டும் ஒரே அம்மா எழுதுனது, ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டா அது அவங்களுக்கே செய்யிற துரோகம். எந்த வீட்டுப் பையன் போறான்னு பார்க்காம வேலைக் கையில கொடுக்கிறவங்களுக்கு அந்தக் கோழியைத் தெரியாது.

அக்கா மகன் போன மாசம் லீவுல வந்திருந்தான். அங்க என்னடா நடந்துச்சுன்னு கேட்டேன். "அதை விடுங்க மாமா, கொல்லையில வேலி எல்லாம் போச்சு போல, நொச்சி வெட்டி நடலாமா?"ன்னான். ரெண்டு பேருமாச் சேர்ந்து தெக்குப் பக்கம் முழுக்க நட்டோம். தை கடைசியில முல்லைக்குக் கவாத்து இருக்கு. அது முடிஞ்சதும் 'போர் உலா'வைப் பத்தித் தனியா எழுதுறேன்.